திருவோட்டிலிருந்து அடுக்களைக்கு

ஜப்பானில் மீன் கலவாத சாறு கிடைப்பது எளிதன்று. காய்கறி மட்டுமே இட்டது என்று உறுதி கூறித் தரப்படும் கிண்ணத்திலும் அடியில் ‘தாஷி’ என்னும் வடிசாறு இருக்கும். சூரைமீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் உலர்த்திச் சீவிய சீவல்தான் பெரும்பாலும் அந்தச் சாற்றின் உயிர். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசி என்று வழங்கும் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு அது. கருத்தரங்கு ஒன்றை முன்னிட்டு அந்நாட்டுக்குச் சென்ற நாங்கள் நால்வரும் முதல் ஐந்து நாட்களை இந்தச் சாற்றோடு போராடியே கழித்தோம். சரியாகச் சொன்னால், போராடியவர்கள் இருவர். ஊனுணவு அறியாத வீடுகளில் பிறந்தவர்கள். மற்ற இருவரும் மாசியின் அருமை தெரிந்தவர்கள். நண்பர்களுக்காக ஒவ்வொரு கடையிலும் விசாரணை நடத்தும் பொறுப்பு மட்டும் அவர்களுக்கு இருந்தது.

ஆகவே ஃபுகுயி பகுதியின் மலைகளுக்கு நடுவே, எய்ஹெய்ஜி மடாலயத்தில் ஓரிரவு தங்க இடம் கிடைத்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில் ஞானத்தைவிட வயிற்றுக்கே பங்கு அதிகம். ஜென் பௌத்தத்தின் ஸோத்தோ மரபைச் சேர்ந்த இம்மடத்தை தோகென் என்னும் துறவி 1244இல் நிறுவினார். வானை மறைக்கும் தேவதாரு மரங்கள். மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் மண்டபங்கள். அவற்றை இணைக்கும் கூரையிட்ட நடைபாதைகள். எல்லாவற்றையும் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் மாலை உணவுக்கான நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உணவு வந்தது. ஆளுக்கொரு சிறு பலகைத் தட்டு. அதில் செந்நிற அரக்குப் பூசிய கிண்ணங்கள். சோறு, மிஸோ சாறு, எள்ளை அரைத்து மாவுக்கிழங்குப் பசையோடு கிண்டி உறையவைத்த எள் டோஃபு, உலர்ந்த டோஃபுவும் கேரட்டும் காளானும் சேர்த்து வேகவைத்த ஒரு பதார்த்தம், மஞ்சள் நிறத்தில் முள்ளங்கி ஊறுகாய் இரண்டு துண்டு. இந்தச் சாற்றுக்கு ஆதாரம் கொம்பு என்னும் கடற்பாசியும் உலர்ந்த காளானும்தான், மீனில்லை. உண்ணுமுன் ஐந்து நினைவுகளைச் சொல்லவேண்டும். இவ்வுணவு எத்தனை பேர் உழைப்பில் வந்தது, அதைப் பெற நமக்குத் தகுதி உண்டா, ஆசையிலிருந்து மனத்தைக் காக்கிறோமா என்ற முறையில் போகும் அவை. இளந்துறவி ஒருவர் முன்மொழிய, ஒலிபெயர்த்த தாளைப் பார்த்து நாங்கள் தட்டுத்தடுமாறிப் பின்மொழிந்தோம். அதன்பின் பேச்சில்லை. கிண்ணத்தை வைக்கும் ஓசையும் எழக்கூடாது. முள்ளங்கி ஊறுகாயை ஓசையின்றி மெல்லுவது எப்படி என்பது எங்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நால்வரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அந்தத் துண்டுகளை வாய்க்குள்ளேயே ஊறவைத்துக்கொண்டிருந்தோம்.

அறைக்குத் திரும்பியதும் நண்பர்களில் ஒருவர் மனம் நிறைந்து சொன்னார்: “புத்தர் காலத்துச் சாப்பாடு, சார்! இரண்டாயிரத்தைந்நூறு வருஷமா அப்படியே காப்பாத்தி வச்சிருக்காங்க.”

அந்த ஒரு வாக்கியத்தால் அன்றிரவு எங்களுக்குள் நெடுநேரம் விவாதம் நடந்தது. புத்தர் உண்டது இந்த உணவன்று. இப்படியொரு உணவை அவர் விதிக்கவும் இல்லை.

*

பௌத்தம் என்றால் புலால் மறுப்பு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பாலி விநய நூல்கள் காட்டும் சித்திரம் வேறு. பிக்கு சமைக்கக்கூடாது, உணவைச் சேமித்து வைக்கக்கூடாது, மண்ணைத் தோண்டக்கூடாது, செடிகொடிகளை வெட்டக்கூடாது. அவனிடம் இருப்பது ஓர் ஓடு. முற்பகலில் தெருவில் நடக்கிறான். இடுவார் இட்டதை ஏற்று நண்பகலுக்குள் உண்கிறான். இதைத் தா, அதைத் தராதே என்று சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை. வீட்டார் தமக்காகச் சமைத்த மீனில் ஒரு துண்டு விழுந்தால் அதுவும் பிச்சையே. விதித்த நிபந்தனை ஒன்றுதான்: அவ்வுயிர் தனக்காகக் கொல்லப்பட்டதை அவன் கண்டிருக்கக்கூடாது, கேட்டிருக்கக்கூடாது, ஐயுறவும் காரணம் இருக்கக்கூடாது. மூவகைத் தூய்மை என்று இதற்குப் பெயர். மனிதர், யானை, குதிரை, நாய், பாம்பு, சிங்கம், புலி முதலிய பத்துவகை ஊன் மட்டும் முற்றாக விலக்கு. அந்தப் பட்டியலில் பசு இல்லை என்பது நம் காலத்துச் சச்சரவுகளை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கலாம்.

இந்த விதி பிறந்த கதையும் சுவையானது. வைசாலியில் சீகன் என்னும் படைத்தலைவன், நிகண்டர் மதத்திலிருந்து மாறிவந்தவன், புத்தருக்கு விருந்திட்டான். அதில் ஊனும் இருந்தது. தம் அடியானை இழந்த நிகண்டர்கள் தெருத்தெருவாகக் கையுயர்த்திக் கூவினார்கள்: சீகன் கொழுத்த விலங்கைக் கொன்றான், தமக்காகக் கொன்றது என்று தெரிந்தே சமணகோதமன் உண்டான் என்று. கடையில் இருந்த ஊனைத்தான் வாங்கிவரச் சொன்னேன் என்பது சீகனின் விடை. இந்த நிகழ்ச்சியை ஒட்டியே மூவகைத் தூய்மை விதிக்கப்பட்டதாக விநயம் சொல்கிறது. பின்னொரு நாள் தேவதத்தன் ஐந்து கடும் விதிகளைக் கொண்டுவந்தான். பிக்குகள் வாழ்நாள் முழுதும் மீனும் ஊனும் தொடக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. விரும்புவோர் மற்ற தவங்களை மேற்கொள்ளட்டும், கட்டாயமாக்க மாட்டேன் என்று புத்தர் மறுத்தார். ஊனைப் பொறுத்தவரை மூவகைத் தூய்மையே போதும் என்றார். சங்கம் அதனால் பிளந்தது. புலால் மறுப்பைக் கட்டாயமாக்கக் கேட்டவன் பௌத்த மரபின் பெருந்துரோகி என்பதை அன்றிரவு சொன்னபோது நண்பர் சற்று நேரம் பேசவில்லை.

நம் மணிமேகலைக்கும் இந்தக் கருத்து தெரியும். ஆதிரை பிச்சையிட்ட காதையில், கப்பல் உடைந்து நக்க சாரணர் நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவன், நரமாமிசம் உண்ணும் அவர்தம் தலைவனுக்கு அறம் சொல்கிறான். உடைகலப்பட்டு வருவோரைக் கொல்லாதே என்கிறான். முதுமையால் தாமாகவே இறக்கும் விலங்குகளைத் தவிர வேறெவ்வுயிரையும் கொன்று தின்னாதே என்கிறான். சாத்தனாரின் சொல்லமைதியைக் கவனித்துப் படித்தால் விலக்கப்படுவது கொலை. ஊன் என்ற பொருளன்று. காப்பியத்தில் இதைக் கடந்து போய்விடுகிறோம். வகுப்பறையில் இவ்விடத்தை விளக்கும்போது மாணவர் முகத்தில் எழும் குழப்பம் எங்களுக்குப் பழக்கமானது.

இதற்கு எதிர்வாதமும் நம்மிடமே இருக்கிறது. தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்வோரும் இருக்கமாட்டார் என்று புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் கேட்கிறார். நான் கொல்லவில்லை, எனக்காகவும் கொல்லவில்லை, கடையில் கிடந்தது என்ற சீகனின் வாதத்துக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு வேண்டியதில்லை. இதே வாதம் இலங்காவதார சூத்திரத்திலும் வருகிறது: பொருளுக்காக ஒருவன் கொல்கிறான், ஊனுக்காக ஒருவன் பொருள் கொடுக்கிறான், இருவரும் ஒரே வினையில் பங்காளிகள் என்பது அதன் கருத்து. யாரிடமிருந்து யார் பெற்றார் என்ற ஆராய்ச்சிக்குள் நாங்கள் இறங்கவில்லை. ஒரே சந்தையைப் பார்த்த இருவருக்கு ஒரே எண்ணம் தோன்றலாம்.

*

இலங்காவதாரம் நமக்குச் சற்றே நெருங்கிய நூல். புத்தர் இலங்கையில் மலய மலையுச்சியில் இருந்து உபதேசித்ததாக அமைந்தது. பிற்பட்ட பாடங்களில் அவரை வரவேற்று உபதேசம் கேட்பவன் இராவணன். கடல்வழியாக இலங்கையில் தங்கிச் சீனம் சென்ற குணபத்திரர் என்னும் இந்தியத் துறவி 443இல் இதைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். ஊனுணவை முழுதாக விலக்கும் தனி அத்தியாயம் ஒன்று இந்நூலில் உண்டு. மகாயான மகாபரிநிர்வாண சூத்திரமும் அதே கருத்தினது. எல்லா உயிரும் எத்தனையோ பிறவிகளில் நமக்குத் தாயாக, தந்தையாக இருந்தவை என்பது இலங்காவதாரத்தின் முதன்மையான வாதம்.

ஆனால் சூத்திரம் சொல்லிவிட்டதால் மட்டும் மடங்களின் உணவு மாறிவிடுவதில்லை. மாற்றியவர் ஓர் அரசர். தென்சீனத்தில் லியாங் வம்சத்தை நிறுவி 502 முதல் 549 வரை ஆண்ட பேரரசர் வூ, பௌத்தத்தில் தோய்ந்தவர். 517இல் அரச மூதாதையர் கோயிலில் விலங்குப் பலியை நிறுத்தி, மாவால் செய்த படையலை வைக்கச் செய்தார். அதற்கு முன் மூதாதையருக்கு இரத்தம் காட்டாமல் சீனத்தில் அரசு நடந்ததில்லை. துறவியர் மதுவும் ஊனும் விடவேண்டும் என்று ஆணையிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் பெண் துறவியரை அரண்மனைக்கு அழைத்து விவாதமும் நடத்தினார். விநயத்தில் வல்ல துறவிகள் எழுந்து, எங்கள் நூலில் அப்படி விலக்கு இல்லையே என்றார்கள். நூல்படி அவர்கள் சொன்னது சரிதான். அரசர் மகாயான சூத்திரங்களை எடுத்துவைத்துக் குறுக்குவிசாரணை செய்தார். அரசரோடு வாதிட்டு வெல்லுவது எந்தக் காலத்திலும் துறவிகளுக்கு எளிதாக இருந்ததில்லை. சீனத் துறவியர் ஊனை விட்டது அக்காலத்திலிருந்துதான் நிலைபெறத் தொடங்கியது. அங்கிருந்து அது கொரியா, ஜப்பான், வியத்நாம் என்று பரவிற்று. தேரவாத நாடுகளான இலங்கையிலும் பர்மாவிலும் தாய்லாந்திலும் பிக்குகள் இன்றும் மூவகைத் தூய்மை விதிப்படியே உண்கிறார்கள்.

பேரரசரின் முடிவைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஹோ ஜிங் என்னும் படைத்தலைவன் கலகம் செய்து தலைநகரை முற்றுகையிட்டான். மாதக்கணக்கில் நீண்ட முற்றுகையில் அரண்மனை அடுக்களையில் காய்கறி தீர்ந்தது. பல்லாண்டு ஊன் தொடாத பேரரசர் அப்போது கோழிமுட்டை உண்டார் என்று சீன வரலாற்று நூல் குறித்துவைத்திருக்கிறது. நகரம் வீழ்ந்தபின் உணவு குறைக்கப்பட்டு, வாய்க்கசப்புக்குத் தேன் கேட்டு, அதுவும் கிடைக்காமல், 549இல் 86ஆம் வயதில் இறந்தார்.

சீனத்து விலக்குப் பட்டியலில் ஊனோடு ஐந்து காரப்பொருள்களும் சேர்ந்தன: பூண்டு, வெங்காயம், அதன் இனத்தைச் சேர்ந்த வேறிரண்டு தண்டுகள், ஐந்தாவதாகப் பெருங்காயம். வெங்காயமும் பூண்டும் விலக்கு என்பதை நம் ஊர் ஆசாரக்காரர்கள் தலையசைத்து ஏற்பார்கள். பெருங்காயம்? வெங்காயம் விட்ட வீடுகள் சாம்பாருக்கு மணமூட்டப் பெருங்காயத்தையல்லவா நம்பியிருக்கின்றன! எங்கள் நண்பர் பையில், ஆபத்துக்கு உதவும் என்று ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடிப் பொட்டலம் இருந்தது. அதில் பெருங்காயமும் பூண்டும் இரண்டுமே உண்டு. பட்டியலைக் கேட்டதும் அவர் அதைத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்துவிட்டார்.

*

ஊன் விலகிய கதை இதுவரை. எங்களுக்கு அதைவிடப் பெரிய செய்தியாகத் தோன்றுவது, அடுப்பு உள்ளே வந்த கதை.

இந்தியாவின் பெருமடங்களிலும் காலப்போக்கில் அடுக்களை ஏற்பட்டது. 671இல் கடல்வழி புறப்பட்டு 695இல் நாடு திரும்பிய சீனத் துறவி ஈ-ட்ஸிங், இந்திய மடங்களின் உணவு முறையை நுணுக்கமாக எழுதியிருக்கிறார். படிக்கும்போது நம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். கைகால் கழுவி அமர்கிறார்கள். முதலில் இஞ்சித்துண்டும் உப்பும் பரிமாறப்படுகின்றன. பிறகு சோறு, கெட்டியான பருப்பு, அதன்மேல் சூடான நெய். விரலால் பிசைந்து உண்கிறார்கள். உணவுக்கூடத்தில் அரீதி என்னும் தாய்த்தெய்வத்துக்கும், அடுக்களை வாசலில் எண்ணெய் தடவித் தடவிக் கறுத்துப்போன மகாகாளர் சிலைக்கும் படையல் உண்டு. பருப்பும் நெய்யும் முதலில் என்ற நம் பந்தி ஒழுங்கு எவ்வளவு பழையது என்று எண்ணி வியந்தோம்.

இந்த மடங்களைத் தாங்கியவை ஊர்களின் விளைச்சல். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராஜராஜன் ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்ததை லெய்டன் செப்பேடு பேசுகிறது. ஆண்டுக்குச் சுமார் 8,900 கலம் நெல் வருவாய். தெருவில் நடந்த ஓட்டுக்குப் பதிலாகக் களஞ்சியம் வந்துவிட்டது. ஆயினும் இந்திய மடங்களில் சமைத்தவர் துறவியல்லர். மடத்துக்கு விடப்பட்ட ஊழியர்கள் சமைத்தார்கள். துறவி அமர்ந்து உண்டான். விநயம் அவனை அடுப்பிலிருந்து காத்தது.

சீனத்து ஜென் மடங்கள்தாம் அந்த வரம்பை உடைத்தன. உழைக்காமல் பிச்சையேற்பது சீனர்களின் மதிப்பைப் பெறவில்லை, மக்கள் ஏசினார்கள். மலைமேல் கட்டிய மடத்துக்குப் பக்கத்தில் தெருவும் இல்லை. 814இல் மறைந்த பைஜாங் என்னும் ஆசிரியரைப் பற்றி ஒரு கதை உண்டு. தள்ளாத வயதிலும் வயலில் இறங்கியவரின் மண்வெட்டியை, அவர் இளைப்பாறட்டும் என்று சீடர்கள் ஒளித்துவைத்தார்கள். உழைக்காத நாளில் உண்ணமாட்டேன் என்று அவர் பட்டினி கிடந்தார். மண்ணைத் தோண்டாதே என்ற விநயத்துக்கு நேரெதிர் இது. தோண்டுகிறவனும் அறுக்கிறவனும் சமைக்கிறவனும் துறவியே என்றானபின், பானையில் என்ன விழுகிறது என்பதற்கு அவனே பொறுப்பு. யாரோ இட்டது என்று சொல்ல முடியாது. மூவகைத் தூய்மைக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று. அரசர் அச்சுறுத்திக் கொண்டுவந்த விலக்கை இந்தச் சமையல்காரத் துறவிகள்தாம் தம்முடையதாக்கிக்கொண்டார்கள் என்பது எங்கள் எண்ணம்.

*

தோகென் அந்தச் சமையல்காரர்களைச் சந்தித்தவர். 1223இல், 23 வயதில், சீனம் சென்றார். இன்று நிங்போ எனப்படும் துறைமுகத்தில் கப்பலிலேயே காத்திருந்தபோது, அறுபது வயது கடந்த முதிய துறவி ஒருவர் காளான் வாங்குவதற்காகக் கப்பலுக்கு வந்தார். அசோக மலை மடத்தின் சமையல் தலைவர் அவர். மறுநாள் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் திருவிழா. துறவியருக்கு நல்ல உணவாகச் சமைக்க எண்ணி, முப்பத்தைந்து லீ தூரம், அதாவது பதினைந்து கிலோமீட்டருக்கும் மேல், நடந்தே வந்திருந்தார். இரவு தங்கிப் பேசலாமே என்றார் தோகென். நாளைய சமையலை நான் பார்க்காவிட்டால் கெட்டுவிடும் என்று அவர் மறுத்தார். இந்த வயதில் தியானத்தில் அமராமல், நூல் கற்காமல், சமையல் வேலையில் ஏன் துன்பப்படுகிறீர்கள் என்று இளைஞர் கேட்டார். முதியவர் உரக்கச் சிரித்தார்: அயல்நாட்டு நல்லவரே, பயிற்சி என்பது இன்னதென்றும் எழுத்து என்பது இன்னதென்றும் உமக்கு இன்னும் விளங்கவில்லை என்ற பொருள்பட ஏதோ சொல்லி, இருட்டுமுன் நடந்துபோய்விட்டார்.

அசோக மலை என்ற பெயரைப் படித்ததும் நாங்கள் நின்றுவிட்டோம். அசோகன் உலகெங்கும் எழுப்பியதாகச் சொல்லப்படும் 84,000 தூபிகளுள் ஒன்றின் எச்சம் அங்கு இருப்பதாக நம்பிக்கை. அந்த அசோகன்தான் தன் முதல் பாறைக் கல்வெட்டில் அரண்மனை அடுக்களைக் கணக்கை ஊரறியச் சொன்னவன்: முன்பு கறிக்காக நாள்தோறும் இலட்சக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது இரண்டு மயில், ஒரு மான், மானும் எல்லா நாளும் இல்லை, இனி இந்த மூன்றும் கொல்லப்படமாட்டா. தன் பானையில் விழுவதற்குத் தானே கணக்குக் கொடுத்த அரசனின் பெயரைத் தாங்கிய மலையிலிருந்து ஒரு சமையல்காரர் காளான் வாங்க வந்தது தற்செயல்தான். இருந்தாலும் நமக்கு மறக்கவில்லை.

இன்னொருவரைத் தியாந்தோங் மடத்தில் கண்டார் தோகென். 68 வயது, வில்லாய் வளைந்த முதுகு, வெண்புருவம். உச்சிவெயிலில் தலையில் தொப்பியுமின்றி, கையில் மூங்கில்கோலுடன் காளான் உலர்த்திக்கொண்டிருந்தார். உதவியாளரை விட்டுச் செய்யலாமே என்றதற்கு, பிறர் செய்வது தாம் செய்ததாகாது என்பது விடை. வெயில் இவ்வளவு கடுமையாக இருக்கிறதே என்றதற்கு, வேறெந்த நேரத்துக்குக் காத்திருப்பது என்று திருப்பிக் கேட்டார். தோகென் வாயடைத்துப்போனார்.

1227இல் நாடு திரும்பிய தோகென் கியோத்தோவின் கென்னின்ஜி மடத்தில் சில ஆண்டுகள் தங்கினார். அங்கும் சமையல் தலைவர் என்று ஒருவர் இருந்தார், பெயருக்கு. அறையில் சாய்ந்து கிடப்பார், அரட்டையடிப்பார்; சமையலை முழுக்க ஒரு வேலைக்காரனிடம் விட்டுவிட்டு எட்டியும் பார்க்கமாட்டார். அடுக்களைக்குள் தலையிடுவதே இழிவு என்று கருதினார் போலும். இதைக் கண்டு மனம் நொந்த தோகென் 1237இல் சமையல் தலைவருக்கான அறிவுரை நூலை எழுதினார். ‘தென்ஸோ கியோகுன்’ என்று அதற்குப் பெயர். உலகச் சமய இலக்கியத்தில் இப்படியொரு நூல் வேறு உண்டா என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அரிசியைக் களையும்போது மணலையும் பார்க்கவேண்டும், அரிசியையும் பார்க்கவேண்டும். களைந்த நீரைக் காரணமின்றிக் கொட்டக்கூடாது. கீரைத்தண்டு ஒன்றையும் கண்மணிபோல் கையாளவேண்டும். பொருள் மட்டமானது என்று முகம் சுளிக்கவும் கூடாது, உயர்ந்தது என்று துள்ளவும் கூடாது. மூன்று மனங்கள் வேண்டும் என்கிறார்: மகிழும் மனம், பெற்றோர் மனம், பெருமனம். இவையெல்லாம் இன்று அழகான வாசகங்களாகப் படிக்கப்படுகின்றன. தோகென் எழுதியதோ கோபத்தில். அடுப்படி கீழானது, தியானம் மேலானது என்ற எண்ணத்தோடுதான் அவர் சண்டையிட்டார். ஜென் மடத்தில் சமையல் தலைவர் ஆறு உயர் அதிகாரிகளுள் ஒருவர். ஞானம் கனிந்தவருக்கே அப்பதவி தரவேண்டும் என்பது தோகென் வலியுறுத்திய மரபு.

மறுநாள் காலை எய்ஹெய்ஜியின் பெரிய அடுக்களை மண்டபத்தைக் காட்டினார்கள். சுமார் 4 மீட்டர் நீளமுள்ள மர உலக்கை போன்ற ஒன்று தூணருகே தொங்குகிறது. எள் அரைக்கும் குழவியின் பேருருவம். அதைத் தடவினால் சமையல் கைவரும் என்பது நம்பிக்கை. நால்வரும் தடவினோம், பலன் இதுவரை தெரியவில்லை. மண்டபத்தின் முன்னால் கவசம் பூண்டு நிற்கும் காவல் தெய்வத்தின் பெயர் இதாதென். சீனத்தில் வெய்துவோ. ஸ்கந்தன் என்ற வடசொல்லே இப்படித் திரிந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. நம் முருகன், மயிலும் வேலும் வள்ளியும் இல்லாமல், ஊன் வேகாத அடுக்களைக்குக் காவல் நிற்கிறான்! தேனும் தினையும் ஆட்டுக்குருதி கலந்த அரிசியும் ஏற்ற சங்ககாலக் குறிஞ்சிக்கடவுள் எத்தனை தூரம் நடந்துவிட்டான். உணவு நேரத்தை அறிவிக்க மடத்தில் அடிக்கப்படுவது மரத்தால் செய்த மீன் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

எல்லாம் புனிதமாகவே இருக்கிறது என்று எழுதினால் அது சுற்றுலாக் கையேடாகிவிடும். 1872இல் மெய்ஜி அரசு, துறவியர் ஊனுண்பதும் மணம்புரிவதும் அவரவர் விருப்பம் என்று அறிவித்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் பேரரசரே மாட்டிறைச்சி உண்டு முன்மாதிரி காட்டியிருந்தார். மேற்கத்தியர்போல் வலிமை பெறவேண்டுமாம். இன்று ஜப்பானின் ஊர்க்கோயில் குருமார்களில் பெரும்பாலோர் குடும்பஸ்தர்கள், ஊன் உண்பவர்கள். எங்களுக்குப் பரிமாறிய இளைஞரும் பயிற்சி முடித்து ஊர் திரும்பினால் மீன் உண்ணக்கூடும். அதை அவர் மறைக்கவும் மாட்டார். பயிற்சிக்காலத்தின் பசியும் சிறிதன்று. நோனோமுரா கவோரு என்னும் அலுவலக ஊழியர் வேலையை விட்டு ஓராண்டு இங்கே பயின்று, 1996இல் எழுதிய நினைவுக்குறிப்பில் பக்கத்துக்குப் பக்கம் பசி தெரிகிறது.

*

இவற்றையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது எங்களுக்குள் ஒரு சங்கடம் எழுந்தது. ஊனில்லா உணவுக்குத் தமிழில் நாம் வழங்கும் சொல் ‘சைவம்’. ஒரு சமயத்தின் பெயர். நடைமுறையில் சில சாதிகளின் அடையாளம். யார் சமைத்தது, யார் பக்கத்தில் அமர்ந்தது என்ற கேள்விகள் அந்தச் சொல்லுக்குள்ளேயே வேகின்றன. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததால் 1924-25இல் எழுந்த போராட்டம் தமிழக அரசியலின் திசையையே மாற்றியது. உணவு அங்கே எல்லோருக்கும் சைவந்தான். பந்திதான் வேறு. எங்களில் இருவர் மாணவப் பருவத்தில் தங்கிய ஒரு விடுதியில், யாரும் எழுதிவைக்காத விதியின்படி, ‘சைவ மேசை’ என்று ஒன்று தனியே இருந்தது. அதில் உட்கார்ந்தவர்களும் உட்காரத் துணியாதவர்களும் இருபத்தைந்து ஆண்டு கழித்து எய்ஹெய்ஜியில் ஒரே வரிசையில் முழங்கால் மடித்து அமர்ந்து, ஒரே பானைச் சோற்றை உண்டிருக்கிறோம். சமைத்தவர் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதை நண்பர்தான் முதலில் சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை சிறைக்கோட்டத்துக்குள் நுழைந்து பசித்தவருக்கெல்லாம் இட்டபோதும் யாரும் கேட்டதாகச் சாத்தனார் சொல்லவில்லை.

காலை உணவு கஞ்சி. வெறும் வெள்ளைக் கஞ்சி, வறுத்த எள்ளும் உப்பும் கலந்த பொடி, மறுபடியும் முள்ளங்கி. துறவியர் தம் மண்டபத்தில் ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் ஓடுகளில் உண்பார்கள். அவற்றில் பெரியது புத்தரின் ஓடு. அதை வாயில் வைத்துக் குடிப்பதில்லை. மாலை உணவுக்கு அந்த ஓட்டை எடுப்பதும் இல்லை. நண்பகலுக்குப் பின் உண்பது பழைய விதிப்படி உணவே அன்று. அதனால் மாலை உணவுக்கு ‘மருந்துக்கல்’ என்று பெயர். பசியை அடக்க வயிற்றில் சுடுகல் வைத்துக்கொண்ட காலத்தின் நினைவு. முந்தைய மாலை நாங்கள் அவ்வளவு ஆவலோடு காத்திருந்தது ஒரு கல்லுக்காகத்தான் என்று அப்போது அறிந்து சிரித்துக்கொண்டோம். உண்டு முடித்ததும் ஓடுகளில் வெந்நீர் வார்க்கப்படும். துணி சுற்றிய சிறு துடுப்பால் ஒவ்வோர் ஓட்டையும் துடைத்து, அந்த நீரில் பெரும்பகுதியைக் குடித்து, மிச்சத்தைப் பொதுவாளியில் சேர்க்கிறார்கள்.

எங்கள் கிண்ணங்களிலும் வெந்நீர் ஊற்றினார் அந்த இளைஞர். எள்ளுப்பொடி மிதந்த அந்த நீரைப் பார்த்து ஒரு கணம் தயங்கினோம். எச்சில் பத்து என்று சொல்லி வளர்க்கப்பட்ட நண்பர்தான் முதலில் கிண்ணத்தை இரு கையாலும் எடுத்தார்.